தோள் உபகுழு

பிரியந்தனின் வலது தோளில் காயம் ஏற்பட்டுப் பதினொரு நாட்கள் கழித்துத்தான் அந்தச் செய்தி பிரியந்தனுக்குத் தெரிய வந்தது.

அப்போது அவன் மல்வேர்னில் இருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். வலது கை மேல் கம்பியைப் பிடித்திருந்தது. இடது கையில் போன். வேம்பிக்கரை மக்கள் ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார்: "எமது பேஸ்போல் அணியின் நட்சத்திர எறிவாளர் செல்வன் பிரியந்தன் கடந்த பதினொரு நாட்களாகத் தோள்மூட்டுக் காயத்தினால் அவதியுற்று வருகிறார் என்பதை ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருகிறோம். அவர் பூரண சுகம் பெற எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோமாக." கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். விரலால் தள்ளத் தள்ளக் கைகள் முடியவில்லை.

பிரியந்தன் கம்பியை விட்டுவிட்டுத் தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பெண்ணின் பையில் முழங்கை இடித்தது. மன்னிப்புக் கேட்டான். தோள் நன்றாகச் சுழன்றது.

வேம்பிக்கரை யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே இன்றுவரை யாரும் பேஸ்போல் ஆடியதில்லை. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் வேம்பிக்கரை அதைவிடப் பெரியது. அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் எனப்படும் புரவலர் உட்படப் பதினொரு பேர் கொண்ட நிர்வாகக் குழு இருந்தது.

அணியை ஆரம்பித்தவன் ஜெனாட். பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் பழகியவன். இங்கே பிறந்த பையன்களைச் சேர்த்து மல்வேர்ன் பூங்காவில் ஆடிக்கொண்டிருந்தான். அணிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று லீக்கில் கேட்டபோது அம்மாவின் ஊர்ப் பெயரைக் கொடுத்தான். இரண்டு வருடம் தோற்றார்கள். ஒன்றியத்துக்கு அப்படி ஒரு அணி இருப்பது தெரியாது. மூன்றாம் வருடம் பிரியந்தன் வந்தான். அவனுக்கு இருபது வயது. அவன் எறியும் பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் எதிரணிக்காரரின் மட்டை அசைந்தது. முதல் நான்கு ஆட்டங்களும் வெற்றி. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. படம் வந்த வாரமே, இந்த அணியை நிறுவியது தானே என்பதை ஒன்றியம் நினைவுகூர்ந்தது.

புதிய சட்டைகள் வந்தன. முன்பக்கம் 'நாம் ஒரே குடும்பம்' என்று இருந்தது. பின்பக்கம் போசகரின் முகமும் தொலைபேசி எண்ணும். அவர் வீடு விற்கும் முகவர்.

அதன் பிறகு மார்க்கம் வீதியில் ஒரு மண்டபத்தில் வெற்றி விருந்து. அதற்கு அடுத்த நாளே, ஒன்றியத்தின் கணக்குப்படி, பிரியந்தனின் தோளில் காயம்.

இந்தக் காயத்தைக் கவனிக்க ஒருவர் தேவைப்பட்டார். பொருளாளர் இரத்தினவேலின் மகள் சிவானி உடலியக்கவியல் படித்துவிட்டு ஒரு பிசியோதெரப்பி நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். நிர்வாகக் குழுவின் பிள்ளைகளில் உடல் என்ற சொல் வரும் பட்டம் அவளிடம்தான் இருந்தது. ஆகவே அவள் அணியின் மருத்துவ ஆலோசகராக ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்றியத்தின் விழாக்களில் அவள் வழக்கமாக ரோல்ஸ் பலகாரத் தட்டுகள் வைத்திருக்கும் மேசைக்குப் பின்னால்தான் நிற்பாள். அங்கே நின்றால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அவள் பிரியந்தனைப் பூங்காவின் வாங்குப் பலகையில் பக்கத்தில் உட்கார வைத்துத் தோளைப் பார்த்தாள். கையை மேலே, பின்னே, பக்கவாட்டில் கொண்டுபோகச் சொன்னாள். தன் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னாள். அவன் தள்ளியதில் அவள் வாங்கில் இருந்து விழப் பார்த்தாள்.

"நோகுதா?"

"இல்லை அக்கா."

"எப்பவாவது நொந்ததா?"

"வட்ஸ்அப் பாத்த பிறகு கொஞ்சம்."

படிப்பில் சொல்லித் தந்த முறைப்படி அவள் காயத்தின் வரலாற்றைக் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஜெனாட் சொன்னான். "டின்னரில ஒண்டும் நடக்கேல்லை அக்கா. தலைவர் வந்தார். இவன்ர தோளில கையைப் போட்டு, தம்பி ஊரில எவடம் எண்டு கேட்டார். இவன் மல்வேர்ன் எண்டான். எல்லாரும் சிரிச்சினம். பிறகு இவன் அம்மாட்டக் கேட்டுச் சொன்னான்."

"என்ன எண்டு?"

"குளத்துக்கு அங்கால எண்டு."

"பிறகு?"

"தலைவர் கையை எடுத்தார். பிறகு ஐஸ்கிறீம் வந்தது."

சிவானி யோசித்தாள். தோளில் கை விழுந்து காயம் ஏற்படலாம். தோளில் இருந்து கையை எடுத்ததால் காயம் ஏற்பட்டதாக அவள் படித்த எந்த நூலிலும் இல்லை.

தலைவர் சச்சிதானந்தனுக்கு போன் எடுத்தாள்.

"அங்கிள், தோளில ஒண்டும் இல்லை."

"பிள்ளை, வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் அங்கிள். மூட்டு, தசை எல்லாம் பாத்தனான்."

"மற்றத் தோள்?"

"அதுவும் சுகமாத்தான் இருக்கு."

"அப்ப இன்னும் வடிவாப் பாக்கோணும்," என்றார் தலைவர்.

இன்னும் வடிவாகப் பார்ப்பதற்காக ஒன்றியம் ஒரு தோள் உபகுழுவை அமைத்தது. அதில் இரண்டு வீட்டு முகவர்கள், ஒரு காப்புறுதி முகவர், ஒரு அடமானத் தரகர், ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர். தலைவரின் வீட்டு பேஸ்மென்ற்றில் குத்துவிளக்கு ஏற்றிக் கூட்டம் தொடங்கியது. வடையும் தேத்தண்ணியும் வந்தன. சிவானி இரண்டு நிமிடத்தில் தன் முடிவைச் சொல்லி முடித்தாள். பிறகு தலைவர் எழுந்து நாற்பது நிமிடம் பேசினார்.

"எங்கட பிள்ளை சிவானி நல்லாப் படிச்சவ. நான் மறுக்கேல்லை. ஆனா விஞ்ஞானம் நேற்று வந்தது. எங்கட ஒன்றியம் முப்பது வருஷமா இருக்கு. காயம் எண்டது தசையில மட்டும் இருக்கிறதில்லை. சில காயம் படத்தில தெரியாது. சில காயம் பரம்பரையா வரும்."

உபகுழு தலையை ஆட்டியது. தபாலதிபர் கண்ணை மூடிக்கொண்டே ஆட்டினார்.

சிவானி மெதுவாகக் கேட்டாள். "பரம்பரையா எண்டால் ஜெனற்றிக்கா அங்கிள்?"

தலைவர் யோசித்தார். "அப்பிடியும் சொல்லலாம்," என்றார்.

கூட்டம் முடிந்து அவள் வாசலில் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தபோது காப்புறுதி முகவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "எனக்கு ஒண்டும் இல்லை பிள்ளை. நான் அதுகளைப் பாக்கிறேல்லை. ஆனா மற்ற ஆக்கள் பாப்பினம்."

"எதை அங்கிள்?"

அவர் தன் சப்பாத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்து அடமானத் தரகர் வந்தார். தனக்கும் ஒன்றும் இல்லை என்றார், மற்றவர்கள்தான் என்றார். கார் வரை கூடவே வந்த தபாலதிபரும் அதைத்தான் சொன்னார். அடுத்த ஒரு வாரத்துக்குள் நிர்வாகக் குழுவில் அவளுடைய அப்பாவைத் தவிர எல்லோரும் ஏதோ ஒரு இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்து, தாங்கள் அதைப் பார்ப்பதில்லை, மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சிவானி கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொருவரும் மற்றவர்களைச் சொன்னால் பார்ப்பவர் என்று ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆனால் எதுவோ பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுக்குப் போய்ப் பரம்பரையாக வரும் தோள் நோய்களைத் தேடிப் படித்தாள். எதுவும் பொருந்தவில்லை.

இதற்கிடையில் அணிக்கு எறிவாளர் இல்லை.

பேஸ்போலில் ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளர்தான் முடிந்தவரை தொடர்ந்து எறிவார். வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அவர் கையில். ஒன்றியம் இதை வேறு விதமாக விளங்கிக்கொண்டது. மூன்றாம் தளத்தில் பந்து பிடிக்க யார் நின்றால் என்ன, தொடங்குபவர் தொடங்கத் தகுந்தவராக இருக்க வேண்டும். அவருக்குத்தான் கோயில் மாலை. அவருக்குத்தான் பொன்னாடை. ஆட்டம் முடிந்து கூடாரத்தில் சாப்பிடும்போது தலைவருக்குப் பக்கத்துக் கதிரை அவருக்கு. ஆண்டு மலரின் அட்டையில் அவருடைய படம், அந்த மலர் ஊருக்கும் போகும். இதைப் பொதுச்சபையில் தலைவர் தெளிவாக விளக்கினார். "நாங்கள் ஒருவரையும் விலக்கிற ஆக்கள் இல்லை. பிரியந்தன் எங்கட பிள்ளை. அவன் அணியிலதான் இருக்கிறான். ஐஸ்பெட்டி தூக்குறான். ஆனா தொடக்கி வைக்கிறதெண்டது வேற."

காயப்பட்ட தோளால் பிரியந்தன் வாரா வாரம் கார் தரிப்பிடத்தில் இருந்து இரண்டு ஐஸ்பெட்டிகளைத் தூக்கி வந்தான். ஒரே நேரத்தில் இரண்டையும்.

முதலாவது மாற்று எறிவாளர் போசகர். அறுபத்தொரு வயது. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அவருடைய சேவைகளைப் பற்றி மூவர் பேசி முடித்தபோது எதிரணிக்காரர் புல்லில் படுத்திருந்தனர். போசகர் எறிவாளர் நிற்கும் மேட்டில் ஏறினார். பொன்னாடையைக் கழற்றவில்லை. முதல் பந்து பாதி வழியில் விழுந்து உருண்டு வந்தது. கூடாரத்தில் கைதட்டினார்கள். இரண்டாவது பந்து அதைப் பிடிக்கக் குந்தியிருந்த ஜெனாட்டின் தலைக்கு மேலால் வேலிக்குப் போனது. அதற்கும் கைதட்டினார்கள்.

நான்கு பந்து பிழையாக எறிந்தால் அடிப்பவர் அடிக்காமலே முதலாம் தளத்துக்கு நடந்து போகலாம். தளங்கள் நிறைந்தால் முன்னால் நிற்பவர் உள்ளே வந்துவிடுவார், அது ஒரு ஓட்டம். அன்று எதிரணி மட்டையைத் தூக்காமலே பத்து ஓட்டம் எடுத்தது. நடுவில் போசகரின் போன் அடித்தது. அவர் மேட்டில் நின்றே பேசினார். "ஓம், ஃபினிஷ்ட் பேஸ்மென்ற்தான். தனி வாசல் இருக்கு. ஒரு நிமிசம் பிடியுங்கோ," என்றுவிட்டு ஒரு பந்து எறிந்தார். பிறகு விலையைச் சொன்னார்.

ஜெனாட் தலைவரிடம் ஓடினான். "அங்கிள், ஆளை மாத்துவம். சீரியஸ்லி."

"பொன்னாடை போத்தின மனிசனை நடுவில இறக்கிறதோ? உனக்கு ஆர் இதெல்லாம் சொல்லித் தந்தது?"

போசகர் கடைசிவரை எறிந்தார். பிறகு ஒலிவாங்கியில் பேசினார். "நாங்கள் தோற்றதாகச் சிலர் நினைப்பினம். இல்லை. வந்த விருந்தாளியை வெறுங்கையோட அனுப்பேல்லை, அவ்வளவுதான்."

அடுத்த ஆட்டத்துக்கு ஒன்றியம் இளைஞர்களுக்கு வழிவிடத் தீர்மானித்தது. தீர்மானித்தபோது தலைவரின் மருமகன் ஆதித்யாதான் ஒரே இளைஞனாக அங்கே இருந்தான். சென்னையில் படித்துவிட்டு இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவன். வேம்பிக்கரையை வரைபடத்தில்கூடப் பார்க்காதவன். ஆனால் மருமகன்.

"மாமா, நான் காலேஜ்ல லெக் ஸ்பின் போடுவேன். அது கிரிக்கெட். இது வேற கேம்."

"பந்து உருண்டைதானே மாப்பிளை?"

"உருண்டைதான்."

"பிறகென்ன."

ஆதித்யா இரண்டாம் தளத்துக்குப் பின்னால் இருந்து ஓடி வந்து, முழங்கையை மடக்காமல் கையைச் சுழற்றி, பந்தைத் தரையில் குத்தி எழுப்பினான். அழகான பந்து. நடுவர் லெஸ்லி ஆட்டத்தை நிறுத்தினார். லெஸ்லி ஒரு மெலிந்த வயதான கறுப்பினத்தவர், ஸ்காபரோவில் பல வருடமாக நடுவராக இருப்பவர். எந்த விதியையும் புத்தகம் பார்க்காமல் சொல்வார். அன்று முதல் தடவையாகப் புத்தகத்தை எடுத்தார். ஆதித்யாவின் பந்தைத் தடுக்கும் விதி ஒன்றல்ல, நான்கு இருந்தது.

ஒன்றியம் லீக்குக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதியது. தமிழர் பண்பாட்டில் பந்து நிலத்தைத் தொட்டே வரும் என்று அதில் இருந்தது.

"ஸாரிங்க," என்று ஆதித்யா பிரியந்தனிடம் வந்து சொன்னான். "உங்க தோள் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணா."

"அப்ப நீங்க ஏன் போடல?"

பிரியந்தன் ஐஸ்பெட்டியைத் திறந்து அவனுக்கு ஒரு சோடா கொடுத்தான்.

அந்த வாரம்தான் பிரியந்தனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அமெரிக்கக் கல்லூரி. முதல் நான்கு ஆட்டங்களின் காணொளியை ஜெனாட் அனுப்பியிருந்தான். கல்லூரியின் தேர்வாளர் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை ரொறன்ரோ வருகிறார். அவன் எறிவதை நேரில் பார்த்துப் பிடித்தால் நான்கு வருடப் படிப்புக்கும் அவர்கள் பொறுப்பு. பார்க்காவிட்டால் இல்லை. வேறு நாள் இல்லை. பிரியந்தன் பார்சல் டிப்போவில் வேலை செய்தான். பல்கலைக்கழக இடத்தை வருவாய் போதாமல் ஒருமுறை கைவிட்டவன்.

அவன் தலைவரிடம் போய், வேறு அணிக்குப் போக விடுவிப்புக் கடிதம் கேட்டான்.

"காயப்பட்ட பிள்ளையை நடுத்தெருவில விடுறதோ?" என்றார் தலைவர். "எங்களுக்கு மனிதாபிமானம் இருக்கு தம்பி. நீ எங்களோடயே இரு."

மூன்றாவது ஆட்டத்துக்கு யார் தொடங்குவது என்பதில் உபதலைவருக்கும் செயலாளருக்கும் பிணக்கு வந்தது. சமரசமாக, நிர்வாகக் குழுவின் பதினொரு பேரும் பதவி வரிசையில் ஆளுக்கு ஒரு அடிப்பவருக்கு எறிவது என்று முடிவானது. பதினொரு பொன்னாடைகள். பதினொரு பேச்சுகள். மூன்றாவதாக ஏறிய பொருளாளர் இரத்தினவேல் எறிந்த பந்து பின்பக்கமாகப் போனது. அது எப்படி நடந்தது என்று சிவானி பௌதிகத்தை வைத்து யோசித்துப் பார்த்தாள். முடியவில்லை. முதலாம் இன்னிங்ஸ் முடியுமுன் வெளிச்சம் போய்விட்டது.

பொருட்களை அடுக்கும்போது லெஸ்லி சிவானியிடம் வந்தார். நீங்கள்தானே இந்த அணியின் மருத்துவ ஆலோசகர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பையன் இரண்டு ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், அவனுக்கு என்ன காயம் என்றார்.

சிவானி இன்னொரு பொன்னாடையை எடுத்து மடித்தாள்.

லெஸ்லி விதியைச் சொன்னார். காயம் என்று பதிந்த ஆட்டக்காரர் திரும்பி வருவதற்குத் தலைவரோ கூட்டமோ தேவையில்லை. ஆட்டத்துக்கு முன் மருத்துவ ஆலோசகர் நடுவரிடம் வாயால் சொன்னால் போதும். அதன் பிறகு யார் எறிவது என்பது கப்டனின் விருப்பம். கப்டன் ஜெனாட்.

"நான் மட்டும் சொன்னாக் காணுமா?" என்று அவள் தன்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

போதும் என்றார் லெஸ்லி.

கடைசிச் சனிக்கிழமை காலை யூனியன்வில் வீட்டில் இருந்து சிவானியும் அப்பாவும் காரில் புறப்பட்டார்கள். பின் இருக்கையில் கோயில் தர்மகர்த்தாவுக்கான மாலை இருந்தது. அன்றைக்குத் தொடங்கி வைப்பவர் அவர். எழுபத்து மூன்று வயது.

"அப்பா, நான் இண்டைக்கு லெஸ்லியிட்டச் சொல்லப் போறன். தோளில ஒண்டும் இல்லை எண்டு."

இரத்தினவேல் பாதையைப் பார்த்தபடி இருந்தார். "நீ அப்பிடிச் சொன்னா நான் ஒன்றியத்துக்குள்ள தலை காட்டேலாது. முப்பது வருஷப் பழக்கம் பிள்ளை. நான் வேலையில்லாமல் இருக்கேக்க வீட்டு வாடகை தந்த ஆக்கள்."

"தெரியும் அப்பா. ஆனா ஏன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. எல்லாரும் மற்றவை பாப்பினம், மற்றவை பாப்பினம் எண்டுகினம். எதை?"

"உனக்கு அது விளங்காது."

"விளங்கப்படுத்துங்கோ."

அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். சிவானி கை நீட்டி அதை நிறுத்தினாள். அவள் இதுவரை அப்படிச் செய்ததில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றது. அப்பா சொன்னார். சின்ன வாக்கியம்தான். ஒன்றியத்தின் எந்தக் கூட்டக் குறிப்பிலும் அது இல்லை. எந்தப் பேச்சிலும் வந்ததில்லை. விளக்கு பச்சையாகிப் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கும்வரை அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சயுமா?" என்றாள்.

"நான் அதுகளைப் பாக்கிறேல்லை," என்றார் இரத்தினவேல். "ஆனா மற்ற ஆக்கள் பாப்பினம்."

பூங்காவில் கூடாரம் நிறைந்திருந்தது. கொத்துரொட்டி வாசனை. வேலிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பந்தின் வேகம் அளக்கும் கருவி. பிரியந்தனின் அம்மா புனிதவதி கூடாரத்துக்கு வெளியே, வெயிலில், தனியாக நின்றார். உள்ளே கதிரைகள் இருந்தன.

செயலாளர் பிரியந்தனின் கையைக் கழுத்தோடு ஒரு துணியில் தொங்கவிட்டிருந்தார். பார்ப்பவர்கள் கேள்வி கேட்காமல் இருப்பதற்காக.

"அங்கிள், அது இடது கை," என்றாள் சிவானி.

"ஏதோ ஒரு கைதானே பிள்ளை," என்றார் செயலாளர்.

தர்மகர்த்தாவுக்கு மாலை விழுந்தது. தலைவர் ஒலிவாங்கியில் மருத்துவ ஆலோசகரை அழைத்தார். பிரியந்தனின் காயத்தைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், வந்திருக்கும் வெள்ளைக்காரருக்கும் விளங்கட்டும் என்றார். சிவானி நடந்து போனாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. லெஸ்லியைப் பார்த்தாள். பிரியந்தனின் தோள் முற்றாக நலமாக இருக்கிறது, அவன் ஆடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஒலிபெருக்கி நல்லது.

லெஸ்லி எழுதிக்கொண்டார். ஜெனாட் காத்திருக்கவில்லை. "பிரியந்தன், பிச்சர்," என்றான். பிரியந்தன் துணியைக் கழற்றி ஐஸ்பெட்டியின் மேல் வைத்துவிட்டு மேட்டுக்கு நடந்தான். வெள்ளைக்காரப் பெண் கதிரையில் இருந்து எழுந்தார்.

தலைவர் சச்சிதானந்தன் அவளிடம் இருந்து ஒலிவாங்கியை வாங்கினார். சிரித்த முகம்தான். "பிள்ளைக்கு அனுபவம் காணாது. நல்ல மனசு, அதால சொல்லிப்போட்டுது. ஒரு இளைஞன்ர எதிர்காலத்தோட நாங்கள் விளையாடேலாது. அதால ஒன்றியம் இந்த ஆட்டத்தில இருந்து விலகுது. எல்லாரும் சாப்பிடலாம்."

அதையே ஆங்கிலத்தில் லெஸ்லியிடம் சொன்னார். அணி மைதானத்தில் நிற்கும்போது சும்மா விலக முடியாது, காரணம் சொல்ல வேண்டும் என்றார் லெஸ்லி.

"காரணம் இஞ்ச எல்லாருக்கும் தெரியும்," என்றார் தலைவர்.

தனக்குத் தெரியாது என்றார் லெஸ்லி. யாராவது சொன்னால் எழுதிக்கொள்கிறேன், தோளில் ஒன்றும் இல்லையென்றால் இவ்வளவு நாளும் இவன் ஏன் எறியவில்லை?

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் உபதலைவரைப் பார்த்தார். போசகர் போனை எடுத்துப் பார்த்தார், அது அடிக்கவில்லை. தபாலதிபர் கண்ணை மூடிக்கொண்டார். தர்மகர்த்தா மாலையைச் சரி செய்தார். லெஸ்லி பென்சிலோடு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியாக இரத்தினவேலிடம் வந்தார். இரத்தினவேல் புல்லைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். தெரியாது என்ற ஆட்டம் அது.

மேட்டில் பிரியந்தன் பந்தைக் கையில் உருட்டியபடி நின்றான். அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கூடாரத்துக்கு வெளியே நின்ற புனிதவதி முந்தானையை இறுக்கிக்கொண்டு புறப்படத் திரும்பினார்.

உங்களுக்குத் தெரியுமா என்று லெஸ்லி சிவானியிடம் கேட்டார்.

தெரியும் என்றாள். தலைவரின் கையில் இருந்த ஒலிவாங்கியைப் பிடித்தாள். அவர் கொடுக்கவில்லை, விடவும் இல்லை, பிறகு விட்டார். இதை நடுவருக்கு ஆங்கிலத்தில் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இந்த முறை கூடாரத்தைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"அன்ரி, நில்லுங்கோ. பிரியந்தன்ர தோளில ஒண்டும் இல்லை, ஒரு நாளும் இருக்கேல்லை. அவர் எறியாததுக்கு ஒரே காரணம், அவற்ற ஆக்கள் குறைஞ்ச சாதி எண்டு இஞ்ச இருக்கிற நீங்கள் எல்லாரும், என்ர அப்பாவும், நினைக்கிறதுதான்."